முதல் கட்டு இலை

வங்காளத்துக்குப் பிழைக்க வந்து கரியாஹாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு ஒரு உபதொழில் உண்டு. பணி ஓய்வு விழாக்களுக்கு வடை சப்ளை. துறைமுகத்திலோ மத்திய அரசு ஆபீஸிலோ வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் யார் ஓய்வு பெற்றாலும் மாதக் கடைசியில் எனக்குத்தான் ஆர்டர். மாவு அரைப்பதும் வடை தட்டுவதும் என் மனைவி. சால்வை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து அவர்கள் பென்ஷனோடு ஊருக்கு ரயிலேறுவார்கள். நாங்கள் காலிப் பாத்திரங்களோடு கடைக்குத் திரும்புவோம்.

"நமக்கு எப்போங்க?" என்று மனைவி கேட்பாள். அவளுக்குத் தோள்பட்டை வலி. இரண்டு வருடமாக வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

"கடைதான் நம்ம பென்ஷன்" என்பேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தி ஆரம்பித்துவைத்த ஓய்வூதியக் கணக்கில் இரண்டு வருடம் கட்டிவிட்டு, அந்தப் பணத்துக்குப் பெரிய கிரைண்டராவது வாங்கலாமே என்று நிறுத்திய புத்திசாலி நான். கிரைண்டர் வந்தது. ஆர்டர் கூடியது. அவள் வலியும் கூடியது.

எங்களுக்கு வாழையிலை கொண்டுவருபவர் ஒரு வங்காளி அம்மாள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் போல எனக்கும் மாஷி, நம்ம பாஷையில் சித்தி. அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணா. பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி இலைக்கட்டுகளைத் தலையில் சுமந்து வருவார். நவராத்திரி பூஜை முடிந்த வாரத்தில் ஒருநாள், கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தாதா, இந்த மாசத்தோட நான் வரமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எந்தக் கடைக்காரன் கூடக் குடுக்கறேன்னான்?"

"யாருமில்ல. ரிட்டயர் ஆறேன்."

"உனக்கு யாரு மாஷி குடுத்தா ரிட்டயர்மென்ட்?"

"நானேதான்" என்று சிரித்தார்.

இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். தபால் ஆபீஸ் பாஸ்புத்தகம். பதினைந்து வருடக் கணக்கு, முதிர்ந்துவிட்டது. அதற்கு முன்பு, வீடு வீடாக வசூலித்த ஒரு ஏஜென்ட்டிடம் கட்டியதெல்லாம் போய்விட்டதாம். "மூணு நாள் அழுதேன். நாலாவது நாள் தபால் ஆபீஸ் போனேன்."

"இலை வித்து எப்படி மாஷி மிச்சம் பிடிச்சே?"

"முதல் கட்டு விக்கிற காசு என்னோடது இல்ல தாதா. அது கிழவியோடது."

"எந்தக் கிழவி?"

"நான்தான். இப்ப வந்துட்டேன் பாரு."

மழைக்காலத்தில் வியாபாரமே படுத்த நாட்களிலும், தான் இன்னும் ஆகாத ஒரு கிழவிக்கு இவர் முதல் பங்கை எடுத்து வைத்திருக்கிறார். தினமும் முதலில் என் கடைக்கு வரும் அந்த முதல் கட்டை இத்தனை வருடம் அடித்துப் பேரம் பேசி வாங்கியவன் நான். வெட்கமாகவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது. சால்வை போர்த்திக்கொண்ட எந்த அதிகாரியைப் பார்த்தும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மாஷி போனதும், "நாளைக்கு ஒரு மணி நேரம் கடையை மூடுங்க" என்றாள்.

தபால் ஆபீஸில், "கணக்கை என் பேர்ல திறக்கலாம்" என்றேன். "என் பேர்ல" என்றாள். சரியென்று அவளுக்காக நானே படிவத்தை நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில், யோசிக்கவேயில்லை, இல்லத்தரசி என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக எனக்கு முன்னால் எழுந்து மாவு அரைப்பவளை அப்படி எழுதினேன்.

அவள் பேனாவை வாங்கி அதை அடித்தாள். பக்கத்தில், எழுத்துக்கூட்டி, வியாபாரம் என்று எழுதினாள்.

கவுன்டரிலிருந்த பெண் படித்துப் பார்த்து, "என்ன வியாபாரம் தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

என் பக்கம் திரும்பாமலே என் மனைவி சொன்னாள்: "மளிகைக் கடை. என்னோடது."