சட்டப்படி ஒரு பென்குயின்

டெல்பர்ட் யோசேப்புக்குத்தான் முதலில் சீட் பெல்ட் மாட்டுவார். அடுத்து மரியாள். குழந்தை இயேசுவைப் பழைய போர்வையில் சுற்றி மரியாளின் மடியில் வைப்பார். நகராட்சி வண்டியின் முன்னிருக்கை அத்தோடு நிறைந்துவிடும்; மூன்று ஞானிகளும் ஒட்டகமும் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வர வேண்டியதுதான். கிடங்கிலிருந்து நீதிமன்றப் புல்வெளிக்கு மொத்தமே நான்கு தெரு. "பிளாஸ்டிக் பொம்மைக்கு எதுக்குய்யா பெல்ட்டு?" என்று கேட்டால், "போடலைன்னா வண்டி பீப் பீப்னு கத்துது" என்பார். உள்ளே பல்பு எரியும் அந்த வெற்றுக்கூடு யோசேப்பு பூனைக்குட்டி எடைகூட இருக்காது, அதற்கு எந்த வண்டியும் கத்தாது. அந்தப் போர்வை எதற்கு என்று கேட்டால் அதை இன்னும் இறுக்கிச் சுற்றுவார்.

டெல்பர்ட் ஸ்டுக்கிக்கு அறுபத்திரண்டு வயது. அமெரிக்காவின் இண்டியானாவில் எங்கள் ஊரைப் போன்ற சிற்றூரில் தெருப் பராமரிப்பு ஆள் என்றால் பனி தள்ள வேண்டும், குழி அடைக்க வேண்டும், ரோட்டில் அடிபட்ட மானை அள்ள வேண்டும், டிசம்பர் முதல் சனிக்கிழமை குளிர்கால விழாவுக்குக் கிறிஸ்துமஸ் குடிலும் வைக்க வேண்டும். இருபத்து நான்கு வருடம் வைத்தார். புல்வெளிக்கு எதிரேதான் என் ஹார்டுவேர் கடை. ஒவ்வொரு நவம்பரிலும் ஞானிகளில் ஒருவரின் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இந்தப் புருவத்துக்கு எந்த பிரவுன் சரியா வரும்?" என்று கேட்பார். பக்திமான் என்றெல்லாம் சொல்ல முடியாது. சர்ச்சில் வருடத்துக்கு இரண்டு முறை கடைசி பெஞ்சில் பார்க்கலாம்.

அவரோடு யாரும் சண்டை போட்டதில்லை. போட முடியாது. யார் எதைச் சொன்னாலும், "ஆமா, அதுவும் சரிதான்" என்று தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். சோளத்துக்கு இந்த வருஷம் விலை வராது என்றாலும் சரிதான், வரும் என்றாலும் சரிதான். இதை நாங்கள் வெகுகாலம் நல்ல குணம் என்று நினைத்திருந்தோம்.

மூன்று வருடம் முன்பு வினை வந்தது. ஒரே மகள் ஜெனல் உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் பாடம் எடுக்கிறாள். கோர்ட்டு எல்லா மதத்துக்கும் பொது என்று அவள் பாடம் நடத்த, ஒரு மாணவி ஜன்னல் வழியே குடிலைக் காட்டி, "அப்ப அது?" என்றாளாம். ஜெனல் நேரே அப்பாவிடம் போனாள்.

"ஊருல மூணு சர்ச்சு இருக்கேப்பா. அதுல ஒண்ணு வாசல்ல வெச்சா என்ன?"

"அதுவும் சரிதாம்மா."

"அப்ப கவுன்சில்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் என்னத்தைச் சொல்ல? வைன்னா வைக்கிறேன், எடுன்னா எடுக்கிறேன்."

அவள் வேறு பத்துப் பேரோடு சேர்ந்து நகராட்சிக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினாள். உள்ளூர்ப் பத்திரிகை பதினொரு பெயரையும் போட்டது. அவள் பெயர் நான்காவது. டெல்பர்ட் அதை என் கடையில் நின்றபடியே படித்தார், நான்காய் மடித்து வைத்தார், ஏழு வாட் பல்பு ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனார்.

கவுன்சிலின் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். குடில் இருக்கட்டும், ஆனால் சுற்றிப் பன்னிரண்டு அடிக்குள் மதச் சார்பில்லாத பொம்மைகளையும் வையுங்கள். பார்ப்பவருக்கு அது வழிபாடாகத் தெரியாது, விழா அலங்காரமாகத் தெரியும் என்றார். டெல்பர்ட் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரு தரப்புக்கும் சமாதானம், மகளும் பழையபடி பேசுவாள் என்று அந்த மனுஷன் மனதார நம்பினார். என்னிடம் புது டேப் வாங்கிப் போய், முட்டி போட்டு ஈரப் புல்லில் அளந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா, கலைமான் இரண்டு, பனி மனிதன். வங்கிக்காரர்கள் கொடுத்த, சிவப்பு மஃப்ளர் கட்டிய பென்குயினுக்கு வேறு இடமில்லாததால் தொட்டிலுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே நிறுத்தினார். பிறகு தானே மகளைக் கூப்பிட்டார்.

"பாரும்மா. எல்லாம் சட்டப்படி. டேப் வெச்சு அளந்தேன்."

ஜெனல் அந்தப் பென்குயினை வெகுநேரம் பார்த்தாள். "கும்புடறவங்களுக்கும் இது மரியாதை இல்ல, கும்புடாதவங்களுக்கும் மரியாதை இல்லப்பா" என்றாள்.

அரை மணி கழித்து சபை மூப்பர் ராய்ஸ் லான்ட்ஸ் வந்தார். "நம்ம ரட்சகர் பக்கத்துல பென்குயினா? உம் பொண்ணு ஜெயிச்சுட்டாய்யா."

இருவருக்கும் டெல்பர்ட்டின் பதில் ஒன்றே. நான் கடை வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் பென்குயினை வைத்துக்கொண்டு ஊர் சண்டை போட்டது. இந்த வருடம் அலுத்துப்போன கவுன்சில், எதுவுமே வேண்டாம், மரங்களில் விளக்கு மட்டும் போதும் என்றது. மூன்று சர்ச்சும் விழாவைப் புறக்கணித்தன. ஜெனலின் வகுப்பிலிருந்து பதிமூன்று பிள்ளைகளைப் பெற்றோர் மாற்றிக்கொண்டார்கள். ஒரு காலை அவள் வீட்டுப் படியில் சாணியோடு ஈர வைக்கோல் கொட்டிக் கிடந்தது. "இதுல படுக்க வை உன் சட்டத்தை" என்று ஒரு அட்டை. யார் வேலை என்று ஊருக்கே தெரியும். அந்த அட்டையைக் கட்டியிருந்த கம்பி என் கடைச் சரக்கு. நானும் வாயைத் திறக்கவில்லை.

டெல்பர்ட்டுக்கோ பாராட்டு மழை. "பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்காம உறுதியா நின்னீங்களே!" என்று கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அவர் எங்கேயும் நின்றதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கவுன்சிலின் கடைசிக் கூட்டத்துக்கு முன் ஜெனல் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். என் கடையில்தான், ஆணி டப்பாக்கள் பக்கத்தில். "நான் சொன்னது சரின்னு நீங்க சொல்ல வேணாம்ப்பா. இவ எம்பொண்ணு, இவளை விடுங்கன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

போனார். சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு மைக் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றார். முறை வந்ததும் தொண்டையைச் செருமி, "அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரையெல்லாம் கிடங்குல வைக்கிறதா, எங்க வைக்கிறது?" என்று கேட்டார். ஜெனல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவரைத் திட்டினேன். "ஒரு வார்த்தை வரலையாய்யா உம்ம வாயில?"

"வந்துச்சு" என்றார். "எல்லாரும் தெரிஞ்ச முகமா இருந்துச்சு."

ஃபோர்ட் வெய்ன் நகரத்தில் ஜெனலுக்கு வேலை கிடைத்தது. விழாச் சனிக்கிழமையன்றே வீட்டைக் காலி செய்தாள். நான் அலமாரி தூக்கப் போனேன். விழாவில் பாட்டு இல்லை, சூப்புக் கடை இல்லை. பள்ளி பேண்டில் வந்திருந்த ஒன்பது பிள்ளைகள் ஊதுவது மூன்று தெரு தாண்டிக் கேட்டது. டெல்பர்ட் விடிந்ததிலிருந்து மகள் வீட்டில்தான் இருந்தார். வாடகை லாரியில் பெட்டிகளை அடுக்கினார், கயிற்றை இழுத்துக் கட்டினார். ஜெனல் அவர் முகம் பார்க்காமல் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் ஒருமுறை, போகிற போக்கில், அவர் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். அதற்கே அவர் முகம் மலர்ந்துபோனது.

அப்போதுதான் ராய்ஸ் லான்ட்ஸின் பிக்அப் வண்டி வேகம் குறைந்து வந்தது. இரண்டு ஹாரன். கண்ணாடியை இறக்கி, "போய்த் தொலையட்டும் டெல்பர்ட்டு! ஊரே உன் பக்கம்!" என்று கத்தினார்.

எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் பதிலுக்குக் கை தூக்குவோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. டெல்பர்ட்டின் கை எழுந்தது. விரல்கள் விரிந்தன. முகத்தில் எப்போதும் வரும் சிரிப்பும் வந்தது.

மேஜை விளக்கைக் கட்டிப் பிடித்தபடி படியில் நின்ற ஜெனல் அதைப் பார்த்தாள்.

பிக்அப் முனை திரும்பிப் போய்விட்டது. அவர் கை மட்டும் இறங்கவில்லை. அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.