சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

1992 ஐப்பசி. யாழ்ப்பாணத்துக் குருநகரில் மரித்தோர் தினத்துக்காகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேமக்காலைக்குப் போய்ப் புல் பிடுங்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும் நாட்கள்.

அங்கே அடையாளமில்லாத ஒரு மண்மேட்டை நண்பர் எனக்குக் காட்டினார். அவர் முன்பு படமாளிகையில் படம் ஓட்டியவர். இளவயதில் சென்னைக்குப் போய்ப் பேசாப் படங்களில் நடித்த ஒரு பெண்ணை அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்றார். அடக்கத்துக்குப் போன சிலரில் அவரும் ஒருவர். அந்தப் பெண்ணுக்கு உறவென்று ஊரில் யாருமில்லை. அந்த வருடமாவது ஒரு சிலுவை நட்டுப் பெயர் எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம்.

போரினால் சீமெந்து யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை இருந்த காலம் அது. விசாரித்துத் திரிந்தபோது ஒரு மீனவர், தன் வீட்டுக்குப் பின்னால் சிறிய சீமெந்துச் சிலுவை ஒன்று சும்மா கிடப்பதாகச் சொன்னார். காசு வேண்டாம் என்றார். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தோம்.

பெயர் எழுதுவதற்காகப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். அடியில் எழுத்துகள் தெரிந்தன. ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய ஓர் இளைஞனின் பெயர், பிறந்த ஆண்டு. இறந்த ஆண்டுக்கான இடம் வெறுமையாக இருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டோம். மீனவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ரை மோன்தான். கடலுக்குப் போனவன், உடம்பும் கிடைக்கேல்லை. சீமெந்து இருந்த நேரம் செய்து வைச்சன். உவ நட விடுறா இல்லை."

உள்ளேயிருந்து மனைவி வந்தார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் சிலுவை நடுவினமோ? அவன் வந்து கண்டால் தேப்பனை நக்கலடிச்சே கொல்லுவான். கொண்டுபோங்கோ தம்பி. பேரை மட்டும் மூடிவிடுங்கோ."

"வேண்டாம் அக்கா, நாங்கள் வேறை பாப்பம்" என்றார் நண்பர்.

"ஏன், உங்கடை படக்காரிக்கு எங்கடை சிலுவை காணாதோ?"

கீறிய பக்கத்துக்கு மறுபடி சுண்ணாம்பு பூசிப் பின்னுக்குத் திருப்பினோம். முன்பக்கத்தில் நடிகையின் பெயரை வர்ணத்தால் எழுதி நட்டோம். மரித்தோர் தினத்தன்று மீனவர் வந்து அதன் அடியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டாவது யாருக்கென்று நாங்கள் கேட்கவில்லை. மனைவி வரவில்லை.

அடுத்த வருடம் வெள்ளையடிக்கப் போனபோது எங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் இருந்தார். அந்தத் தாய். மாரி மழை சுண்ணாம்பைக் கழுவியிருந்தது. சிலுவையின் பின்பக்கத்தில் குந்தியிருந்து, மகனின் பெயர்மேல் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"இன்னும் தெரியுது தம்பி. இன்னொருக்காப் பூசிவிடுங்கோ."

வாங்கிப் பூசினேன். கீறல் தட்டுப்படுகிறதா என்று அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

பெயர் எழுதுவதுதான் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று நம்பிப் போனவன் நான். இப்போது எந்தக் கல்லறையில் பெயரைக் கண்டாலும், அதை அங்கே எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்திருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.