ஒரு உதையில் விழ வேண்டிய சுவர்

பிள்ளைகளே, புது வீடு எதற்குள் போனாலும் அப்பா முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் பகிடி பண்ணுவீர்கள். மாமி வீடு குடிபுகுந்த அன்றும் அப்படித் தட்டிப் பார்த்து உங்கள் அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். அந்தப் பழக்கம் என்னுடையது இல்லை, ரிசீவர் மிஸ்ஸிடமிருந்து வந்தது. அவர் கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை விரித்து நான் கண்டது குறைவு. அதன் வளைந்த மரப்பிடியால் சுவரைத் தட்டிவிட்டு, டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு என்னைப் பார்த்து, "பாஸ், இது பேசுது" என்றால், பூச்சுக்குள் சுவர் விட்டுப்போய் இருக்கிறது என்று அர்த்தம். மேசன்மாரை எங்கள் ஊரில் பாஸ் என்றுதானே கூப்பிடுவது. அவர் பிசகிச் சொன்ன சுவர் ஒன்றும் இல்லை. அவரும் நானும் சேர்ந்து பிசகிப்போன சுவர் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

ரிசீவர் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கூடப் பிறந்தவர்கள் ஒரு வீட்டுக்காக வழக்குப் பேசும்போது அந்த வீட்டை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஓடு விழும், மழைத்தண்ணீர் ஓடும் பீலி உக்கும், கூரை வளையில் கறையான் ஏறும். அப்போது நீதிமன்றம், வழக்கு முடியும்வரை வீட்டைப் பொறுப்பெடுத்துத் திருத்திக் காப்பாற்ற ஒரு ஆளை நியமிக்கும். அவர்தான் ரிசீவர். வீடு அவருடையது இல்லை, ஆனால் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மிஸ் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலுக்குக் கிட்ட தனியாக இருந்த சட்டத்தரணி. அவர் பொறுப்பெடுத்த வீடுகளுக்கு நான் மேசன். யுத்த காலம் அது. பூட்டிக் கிடந்த வீடுகளும் எரிந்து பாதியாய் நின்ற வீடுகளும் கொழும்பில் நிறைய இருந்தன. அவற்றுக்குள் முதலில் காலடி வைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். கிழிக்காத கலண்டர் சுவரில் தொங்கும். அடுப்பில் பானை அப்படியே இருக்கும். மிஸ் வாசலில் செருப்பைக் கழற்றுவார். ஏன் மிஸ், கண்ணாடித் துண்டு கிடக்கும் என்றால், "ஆக்கள் இல்லாட்டியும் வீடுதானே பாஸ்" என்பார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. இரண்டு வீடுகள் ஒரே சுவரில் முதுகு சாய்த்து நிற்கிற மாதிரிக் கட்டியது. மேல்மாடி எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்து கரியாய் நின்றது. கீழே ஒரு டீச்சரம்மாவும் அவருடைய மகளும் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்கு உரிமை கேட்டு நான்கு சகோதரர்கள் வழக்கில் நின்றார்கள். அவர்களில் மூத்தவர், இது ஆபத்தான கட்டடம், இடித்துவிட்டுக் காணியை விற்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நீதிபதி மிஸ்ஸை நியமித்தார். அடுத்த தவணைக்குள் வீடு ஆட்கள் இருக்கத் தகுந்தது என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாயையும் மகளையும் வீட்டைவிட்டு எழுப்பிவிட்டு இடிக்கலாம். அதுதான் கட்டளை.

முதல் நாள் மிஸ் குடையால் தட்டித் தட்டிக் குசினிவரை போனார். அங்கே சுவரில் ஒரு சாக்குத் தொங்கியது. அதை விலக்கினால் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குசினி, அங்கே அடுப்பில் ஒரு கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டையின் இரண்டு மேல்மூலைகளிலிருந்தும் வெடிப்புக் கிளம்பி மாடி வளைவரை ஏறியிருந்தது. வீட்டுக்கு வருத்தமே அந்த ஓட்டைதான் என்று எனக்கு உடனே தெரிந்தது. அதை அடைக்காவிட்டால் அடுத்த பெருமழைக்கு மாடி குசினிக்குள் வந்துவிடும்.

"அதைத் தொடாதேங்கோ" என்றார் டீச்சரம்மா. அதுவரை எங்களுக்குப் பின்னாலேயே வந்தவர்.

அந்த ஓட்டை எப்படி வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். ரயில்வே மஹத்தயா, ரயில்வே ஐயா, என்போம். தெமட்டகொடையில் வேலைக்குச் சேர்ந்து, யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடிய காலத்தில் கார்டாகப் போய்வந்து தமிழ் பழகிய சிங்களவர். கலவரத்தன்று தீ வைக்க வந்த சனம் முன்வாசலில் நின்றபோது அவர் அலவாங்கால் தன் பக்கத்திலிருந்து சுவரை உடைத்திருக்கிறார். டீச்சரம்மாவின் கணவர் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். மனைவியைத் தள்ளிவிட்டார். முன்கதவு நெரிகிற சத்தம் கேட்டதும் அதைப் பிடிக்கத் திரும்பிப் போனார். "நோனா வந்தது. பேபி வந்தது. மாத்தயா வரல்ல" என்று சொல்லி மஹத்தயா கேத்தலை இறக்கி வைத்தார். நெருப்பு அணைந்த பிறகு தேடியும், இது அவர் என்று எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. டீச்சரம்மா பொட்டை அழிக்கவும் இல்லை.

"மிஸ், அடைச்சால் வீடு நிக்கும். விளங்குது. திரும்ப ஒருக்கால் வந்தாங்கள் எண்டால் நானும் பிள்ளையும் எங்கால ஓடுறது?" என்று கேட்டார் டீச்சரம்மா.

நான் மெல்ல, ஒரு கதவு வைத்துவிட்டால் என்ன என்றேன். "பொதுச் சுவரில கதவு வச்சா மூத்தவர் அடுத்த நாளே கோட்டில நிப்பார் பாஸ். அடைக்கத்தான் வேணும்" என்றார் மிஸ். திரும்பி பஸ்ஸில் வரும்போது யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எங்கட வீட்டில அப்படி ஒரு ஓட்டை இருக்கல" என்றார். அவர் ஏன் தனியாக இருந்தார் என்று அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கேட்கவில்லை. பம்பலப்பிட்டி ஆமிச் சென்றியில் எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். மறுபடி ஏறி இருந்ததும் என் பக்கம் திரும்பி, "பாஸ், நிக்கிற சுவர் கட்டத் தெரியும். விழுற சுவர் கட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

பாரத்தை மேலே போடும் உத்திரம் தாங்கவேண்டும், கீழே அடைக்கும் கல் ஒன்றையும் தாங்கக்கூடாது. அதுதான் யோசனை. மாடிக்கு முட்டுக் கொடுத்து, ஓட்டைக்கு மேலே கொங்கிறீட் உத்திரம் இறக்கினேன். வெடிப்பெல்லாம் வெட்டித் திறந்து இறுக்கினேன். வீடு அன்றே பிழைத்துவிட்டது. ஓட்டையை அடைக்கும் கலவையை மட்டும் முதலில் கிணற்றடியில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று மிஸ் சொன்னார். உடைக்கப் போகிறது நான் இல்லையே, டீச்சரம்மாதானே. ஆகவே கிணற்றடியில் ஒரு சின்னச் சுவர் கட்டி இரண்டு நாள் காயவிட்டேன்.

டீச்சரம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு உதைத்தார். செருப்புத்தான் கிணற்றுக்குள் போனது. சுவர் அப்படியே நின்றது. "தள்ளுங்க நான் பாக்கிறன்" என்று மிஸ்ஸும் உதைத்தார், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதிலுக்கு மேலால் ரயில்வே மஹத்தயாவின் தலை தெரிந்தது. "மொகத மிஸ், என்ன இது, கோட்டில கேஸ் இல்லையா? புட்போல் பழகுறதா?" என்றார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போனது. சீமெந்தைக் கையாலும் தொடாமல், சுண்ணாம்பையும் குறைத்து மண்ணைக் கூட்டி, இன்னொன்று கட்டினேன். அது காய்ந்த அன்று டீச்சரம்மா உதைக்கவில்லை. நிலத்தில் இருந்து, கையைப் பின்னால் ஊன்றி, இரண்டு பாதத்தாலும் தள்ளினார். சுவர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அந்தப் பக்கம் சரிந்தது.

"ஹரி! ஹரி! சரிதான்!" என்று கை தட்டினார் மஹத்தயா. "பாஸ், விழுற சுவர் கட்டிச் சம்பளம் எடுக்கிற மேசன் லங்காவில நீங்க மட்டும்தான்."

எல்லாரும் சிரித்தோம். டீச்சரம்மாவும் சிரித்தார். பிறகு அந்தக் கற்களுக்கு முன்னால் இருந்தபடியே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மிஸ் போய்ப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

குசினி ஓட்டையையும் அதே கலவையால் அடைத்தேன். பழைய சுவரோடு கல்லுக்குக் கல் கோக்கவில்லை. சுற்றிவர ஒரு விரல் இடைவெளி விட்டு, வெறும் சுண்ணாம்பால் நிரப்பி, வெள்ளை அடித்தேன். பார்த்தால் சுவர், தள்ளினால் வழி. ஓட்டை அடைக்கப்பட்டது, பாரம் தாங்க உத்திரம் போடப்பட்டது என்று மிஸ் நீதிமன்றத்தில் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தாயும் மகளும் இருக்கலாம் என்று கட்டளை வந்தது.

வழக்கு இழுபட்டது. வருடா வருடம் மிஸ்ஸும் நானும் வீட்டைப் பார்க்கப் போவோம். கடைசியாகக் குசினியில் நின்று உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்து, "உடையுமா பாஸ்?" என்பார். "உடையும் மிஸ்" என்பேன். உடைத்துப் பார்க்காமல் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஒருமுறை நீதிமன்றம் அனுப்பிய பரிசோதகர் வந்தார், மூத்தவரும் கூடவே வந்தார். நான் விட்ட இடைவெளியில், சுண்ணாம்பு காய்ந்து, மயிர் போல ஒரு கோடு ஓட்டையின் வடிவத்தைச் சுற்றி வந்திருந்தது. மூத்தவர் விரலை வைத்து, "இங்க பாருங்கோ, வெடிப்புத் திரும்பிட்டுது. இந்த ஆக்களை எழுப்பாமல் விட்டால் நாளைக்குச் செத்தபிறகு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். மிஸ் குடையால் உத்திரத்தைத் தட்டிக் காட்டி, இது பூச்சுக்கோடு மட்டும்தான் என்று பேசி அனுப்பிவிட்டார். டீச்சரம்மா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்த வருடங்களில் அந்தக் கோட்டை நான் காணவில்லை. வெள்ளை அடித்து மறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொலன்னாவையில் புலிகள் தாக்கி எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாளை நீங்கள் அறியமாட்டீர்கள், மகன் அப்போது கைக்குழந்தை. வானம் கறுத்துவிட்டது. கலவரம் வரப்போகிறது என்று கடைகள் இழுத்து மூடின. மிஸ் த்ரீவீலர் ஒன்றில் எங்கள் வாசலுக்கு வந்து, "பாஸ், ஒருக்கா போய்ப் பாப்பம்" என்றார். உங்கள் அம்மா தடுத்தும் போனேன். டீச்சரம்மாவும் மகளும் குசினி நிலத்தில் அந்தச் சுவரில் முதுகு சாய்த்து, காலில் செருப்போடு, மடியில் ஒரு பையோடு இருந்தார்கள். மிஸ் செருப்பைக் கழற்றப் போனார். பிறகு கழற்றாமல் வந்து அவர்களோடு இருந்தார். நானும் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மஹத்தயா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "நான் இருக்கேன் நோனா, பய வெண்ட எப்பா, பயப்பட வேணாம்" என்றார். வெளிச்சம் மங்கும்வரை அப்படியே இருந்தோம். ஒருவரும் வரவில்லை.

மஹத்தயா தவறிப்போனார். டீச்சரம்மாவின் மகள் கனடாவுக்குப் போய்த் தாயையும் அங்கே கூப்பிட்டு எடுத்துக்கொண்டாள். மிஸ் நெஞ்சுவலியில், கோயிலுக்குப் போகும் வழியில், திடீரென்று போனார். சகோதரர்கள் கடைசியில் ஒத்துப்போய் வீட்டை மாடிக் குடியிருப்புக் கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள், பக்கத்து வீட்டையும் சேர்த்து அவர்களே வாங்கினார்கள். இடிக்க முந்தின நாள் பின்னேரம், உள்ளே எடுக்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க நான் தனியே போனேன்.

குசினியில் நின்றபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. மிஸ் அத்தனை வருடம் கேட்ட கேள்விக்கு ஒருமுறை சரியான பதில் சொல்லவேண்டும்போல இருந்தது. டீச்சரம்மாவைப் போல நிலத்தில் இருந்து இரண்டு பாதத்தாலும் தள்ளினேன். சுவர் அசையவில்லை. எழும்பி உதைத்தேன். குதிகால் விறைத்தது. தோளால் மோதினேன்.

உளி எடுத்து ஓரத்தைக் கொத்தியபோது தெரிந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சீமெந்து. ஒருமுறை வைத்தது இல்லை, படைக்கு மேல் படை. கோடு தெரிகிற ஒவ்வொரு தடவையும் கரண்டியால் உள்ளே தள்ளி, விரலால் அழுத்தி வழித்திருக்கிறது. அந்த விரல் பதிந்த தடம் உள்படைகளில் அப்படியே காய்ந்திருந்தது. மெல்லிய விரல், மேசன் விரல் இல்லை. வெடிப்புக் கண்டால் பிள்ளையோடு தெருவில் நிற்கவேண்டும் என்ற பயத்தில், ஓடுகிற வழியை டீச்சரம்மாவே அடைத்திருக்கிறார். தெரியாமல் செய்தாரா? அல்லது கணவர் திரும்பி வராத அந்த வழியால் இனி ஓடுவதில்லை என்று தெரிந்தே செய்தாரா? எனக்குத் தெரியாது. கறுத்த வானத்தின் கீழே நாங்கள் அத்தனை பேரும் முதுகு சாய்த்திருந்தது விழுகிற சுவரிலா, விழாத சுவரிலா என்பதும் தெரியாது. மிஸ்ஸின் "உடையுமா பாஸ்?" மட்டும் அந்த வெறும் குசினியில் கேட்டபடி இருந்தது.

விடிந்தால் எல்லாம் ஒன்றாய் விழப்போகிற வீடு. இருந்தும் நான் உளியைக் கீழே வைக்கவில்லை. சுற்றிவரக் கொத்தி, கல் கல்லாய்க் கழற்றி, கால் இடறாதபடி ஓரமாய் அடுக்கினேன். நிலத்தைக் கூட்டினேன். பிறகு டீச்சரம்மாவின் கணவர் திரும்பிப் போன அந்த முன்வாசலுக்குப் போய்க் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, குனிந்து, அந்த ஓட்டையால் மறுபக்கம் போனேன்.