அம்மா கையின் மணம்

என் மகள் பேத்தியின் கண்களைக் கட்டிவிட்டு, ஏலக்காயை அவள் மூக்கருகே நீட்டுகிறாள். மணத்தை வைத்துப் பெயர் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டில், அம்மாவும் எனக்கு இப்படித்தான் சுக்கையும் நல்லமிளகையும் பழக்கினாள். அன்று தம்பிக்குக் காய்ச்சல். உள்ளறைக் கதவு காலையிலிருந்தே சாத்தியிருந்தது. புறவாசலிலிருந்து வந்த அம்மா, என் கண்களைக் கட்டிக் கையை நீட்டினாள்.

"என்னதுன்னு சொல்லு மக்கா."

"சுக்கு. ஆனா ஒனக்க கையில வேப்பிலை மணக்குதே அம்மா?"

அம்மா சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அம்மை கண்டவர்களுக்குத்தான் வேப்பிலை விரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

"சத்தம் போடாத ஏட்டி. அம்மன் வந்திருக்கா."

கண்கட்டை அவிழ்க்கவே பயமாக இருந்தது. தம்பியை அப்புறம் நான் பார்க்கவேயில்லை.

"ஏலக்காய்!" என்று பேத்தி கத்துகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் மகளின் கையை இழுத்து முகர்ந்து பார்க்கிறேன்.