வேன் நிறைய சொந்தம்

கெடாரில் கோவிந்தம்மாள் கூப்பிட்டு வராத சொந்தக்காரர் கிடையாது. கல்யாணமோ கருமாதியோ, அவள் ஒரு சுற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தால் அத்தனை பேரும் திரண்டுவிடுவார்கள். ஆனால் தம்பி மகள் பூங்காவனத்துக்குக் கிட்னி மாற்றும் விஷயத்தில் மட்டும் அவள் சொல் எடுபடவில்லை. கிட்னி கொடுக்க அவளைப் பெற்ற தாயே இருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்து ரத்தம் கொடுத்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

"ரத்தம் குடுத்தா அப்புறம் மம்பட்டி புடிக்கத் தெம்பு இருக்குமாக்கா?" என்றான் சித்தப்பா மகன் முருகையன்.

அதே முருகையன்தான், குழந்தை பூங்காவனம் பிழைக்க எல்லோரும் திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு வேன் பிடித்தான். வேனில் உட்கார இடமில்லை. கோவிந்தம்மாளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடி திரும்ப வளரும்னுதானே குடுக்கப் போறீங்க? ரத்தமும் திரும்ப ஊறும்னு நானும் தலைபாடா அடிச்சிக்கினேனே!"

அவரவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வேனில் ஏறினார்கள்.

"பேஜாரு பண்ணாதக்கா, ஜல்தி ஏறு" என்றான் முருகையன்.

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, மெட்ராஸ் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

"அக்கா, அப்ப வேண்டுதலு?"

"நீங்க போய்த் தலையக் குடுங்கடா. நான் போய்க் கைய நீட்டறேன்."