நாரத்தை மரத்து வீட்டுக்காரர்

காப்பி வடிந்து முடிவதற்குள் நெரெய்தா லெக்ரா ஒரு காரியம் செய்வாள். துணி வடிகட்டியை மரச்சட்டத்தில் சொட்டவிட்டு, குவளைத் தண்ணீரில் நடுவிரலை நனைத்துக்கொண்டு, ஈரம் வழிந்துவிடாதபடி விரலைப் படுக்கையாகப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் போவாள். அங்கே நாரத்தை மரத்தின் முதல் கவட்டையில் ஒரு நத்தை ஒட்டியிருக்கும். எலுமிச்சை மஞ்சள் ஓடு. அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, முழுசாக ஓடாமல் விட்டுவிட்டு, அவசரத்தில் போட்ட தையல் மாதிரி. தண்ணீரை அதன் மேல் விடமாட்டாள். அதன் முகத்துக்கு முன்னால், பட்டையில், ஒரு சொட்டு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கொம்புகள் மெல்ல வெளியே வந்து, ஈரத்தைத் தடவிப் பார்த்து, உடம்பும் பின்னாலேயே நீண்டு வந்தால் "எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவாள். காப்பி சரியாக அப்போது வடிந்து முடிந்திருக்கும்.

வறண்ட மாதங்களில் நத்தை ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் அடைத்துக்கொண்டு தூங்கும். அப்போதும் போய்ச் சொட்டு விடுவாள். நின்று பார்க்க மட்டும் மாட்டாள்.

அவள் புருஷன் எவெலியோ கட்டட வேலைக்கென்று ஹவானா போனவன். முதலில் ஆள் மூலம் சேதி வந்தது, பிறகு சாமான் வந்தது, பிறகு இரண்டும் நின்றது. அந்த வருஷத்து மழையில்தான் நாரத்தை மரத்தில் இந்த நத்தை ஏறியது. நெரெய்தா அதற்கு வீட்டுக்காரர் என்று பெயர் வைத்தாள். யாரும் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கு முன்னால் அவளே சிரித்துவிட வேண்டும் என்று வைத்த பெயர் அது. பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது. காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் வரிசைக்கு வரிசை குரல் கொடுப்பார்கள், வீட்டுக்காரர் சாப்பிட்டாரா, ராத்திரி எங்கேயும் போய்விட்டாரா என்று.

"என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு மரத்தைத் தாண்டிப் போனதில்ல" என்பாள் நெரெய்தா, கையை நிறுத்தாமல். "உங்க வீட்டுக்காரங்க எத்தனை மரம் தாண்டுனாங்கன்னு நான் சொல்ல ஆரம்பிக்கவா?"

கூடைகள் அவசரமாக அடுத்த செடிக்கு நகரும்.

தீவின் கிழக்குக் கோடியில், மைசி ஊருக்கு மேலே எங்கள் மலைச்சரிவில் நத்தையை யாரும் மிதிப்பதில்லை. காப்பி இலைகளில் கரி பூசினாற்போல் படரும் பூஞ்சையை நக்கித் துடைப்பது அதுதான். பழத்தை உருவுவதற்கு முன்னால் கிளையைத் திருப்பிப் பார்த்து, நத்தை இருந்தால் எடுத்துத் தண்டில் ஒட்டவைத்துவிட்டுத்தான் கூடைக்குக் கை போகும். இதில் நெரெய்தாவின் கை எல்லோருடையதையும்விட மெதுவானது. மேஸ்திரி முனகுவார். அவளுக்கு அது காதில் விழாது.

அடுத்த தோட்டம் ஒனேலியோ மொஸ்கேதாவுடையது. மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். ஒரு காலத்தில் நத்தை ஓடுகளில் ஓட்டை போட்டுக் கோத்து, சாலையோரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாலை விற்றான். வனக்காவலர்கள் வந்து கண்டித்த பிறகு ஊசியைக் கீழே போட்டான். காலையில் நெரெய்தாவின் காப்பி வடிந்த நேரத்துக்கு அவன் வந்துவிடுவான். முன்வாசல் வழி கிட்டம். ஆனால் அவன் எப்போதும் பின்பக்கமாக, நாரத்தை மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவான். கால் ஈரமாகிறதே, ஏன் இந்தச் சுற்று என்று அவள் கேட்டதுண்டு. பழக்கம் என்பான்.

அந்த அக்டோபரில் பெரும்புயல் வருகிறது என்று வானொலி சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் குகைகளுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் புயலுக்கு வீட்டை நம்புகிறவர்கள் இல்லை. ஆளாளுக்குத் தங்களுக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டார் பன்றியைக் கூட்டி வந்தார்கள், இன்னொரு வீட்டார் மெத்தையை. நெரெய்தா காப்பித் துணியையும் பொடியையும் கொண்டுவந்தாள். நத்தையையும் எடுத்துவரத்தான் போனாள். அது முந்தின நாளே கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒனேலியோவோ ஒரு பழைய பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பாறையில் சாய்ந்து, யாருக்கும் திறந்து காட்டாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே தங்கமா, ரம்மா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள்.

"என் பல்லு" என்றான். வாயில் பல் எல்லாம் இருந்தது. சிரிப்பு அடங்க நேரமானது. வெளியே காற்று மலையை உரித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது பச்சை என்ற நிறமே இல்லை. மரங்கள் நின்றன, இலைகள் இல்லை. காப்பிச் செடிகள் வேரோடு புரண்டு கிடந்தன. நெரெய்தாவின் கூரை பள்ளத்தாக்கில் எங்கோ மடிந்து கிடந்தது. நாரத்தை மரம் பாதியாக முறிந்திருந்தது. கவட்டை மட்டும் மிச்சம். அதில் ஒன்றும் இல்லை. அவள் சுற்றிச் சுற்றி வந்து பட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கூரையில்லாத அடுப்படியில், காப்பி போட்டாள்.

மகள் யவுமாரா குவாந்தானமோவிலிருந்து லாரி பிடித்து வந்தாள். நகரத்தில் நாலாவது மாடியில் வீடு, ரொட்டிக்கடையில் அம்மாவுக்கு வேலையும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. காப்பி மறுபடி காய்க்க வருஷங்கள் ஆகும், அதுவரை எதைத் தின்பது? ஆனால் நிலம் அரசாங்கத்துடையது. உழைக்கிறவரை நம்முடையது. விட்டுப்போனால் வேறு ஆளுக்குப் போய்விடும், திரும்பிவந்து கேட்க முடியாது. மே மழை வரை பொறுத்துக்கொள், அப்புறம் பதில் சொல்கிறேன் என்று மகளை அனுப்பி வைத்தாள் நெரெய்தா.

மே மழைக்கு என்ன கணக்கு என்று ஒனேலியோ கேட்டான். அவனிடம் மட்டும் சொன்னாள்.

"அவர் வந்தா நான் இருக்கேன். வரலேன்னா எனக்கும் இங்க ஒண்ணும் இல்ல."

ஒனேலியோ சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஒரு நத்தையை நம்பி யாராவது இப்படிச் சொல்வார்களா என்று கேட்டிருக்கலாம். காப்பியைக் குடித்து முடித்தான். அன்றும் பின்பக்கமாகவே போனான்.

தார்ப்பாய்க்குக் கீழே அந்தப் பனிக்காலத்தைக் கழித்தாள். வாழைக்காயை அவித்துத் தின்றாள். புதுக் கன்றுகள் நட்டாள், போகப்போகிறவள் நடுவதுபோல் இல்லாமல், குழியை ஆழமாகத் தோண்டி. காலையில் விரலை நனைத்துக்கொண்டு போய்ச் சும்மா கிடக்கும் கவட்டையில் சொட்டு விட்டாள்.

மே வந்தது. மழை வந்தது. பள்ளத்தின் அந்தப் பக்கம், காற்று படாத மடிப்புகளில், நத்தைகள் இறங்குவதாகச் சொன்னார்கள். நாரத்தையில் வரவில்லை. ஜூன் பிறந்து, யவுமாரா லாரிக்கு நாள் சொல்லி அனுப்பினாள். அதற்கு மறுநாள் காலை கவட்டையில் மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது. கோடும் இருந்தது, விட்டுவிட்டு.

நெரெய்தா அசையாமல் நின்றாள். அன்று பார்த்து ஒனேலியோ சீக்கிரமே வந்து, சற்றுத் தள்ளி, வேலிக்கம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நின்றிருந்தான். அவள் குனிந்து சொட்டு விட்டாள். அவசரத்தில் சொட்டு ஓட்டின் மேலேயே விழுந்தது. அதைத் துடைக்கப் போனபோது கறுப்புக் கோடு விரலோடு இழுபட்டு வந்தது. மோந்து பார்த்தாள். பூட்ஸ் பாலிஷ்.

"ஒனேலியோ" என்றாள், திரும்பாமல். "என் வீட்டுக்காரர் எப்பலேருந்து தலைக்கு மை போடுறார்?"

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும்ல" என்றாள். "எடுத்த இடத்துலயே கொண்டுபோய் விடு."

அன்று அவனுக்குக் காப்பி கொடுத்தாள். ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

லாரி வந்த நாளில் தூறல். யவுமாரா சாமான்களை ஏற்றினாள்: ஒரு கட்டில், இரண்டு சட்டி, வடிகட்டிச் சட்டம். டிரைவர் ஹாரன் அடித்தான். கொடிக்கயிறு நாரத்தையில் கட்டிக் கிடக்கிறது, நல்ல கயிறு, அவிழ்த்துவருகிறேன் என்று நெரெய்தா பின்னால் போனாள். போனவள் வரவில்லை. யவுமாரா போய்ப் பார்த்தபோது அம்மா கயிற்றின் ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி மரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். முடிச்சுக்குக் கீழே, பட்டையின் வெடிப்பிலிருந்து, மஞ்சளாக ஒன்று கொம்பை நீட்டிக்கொண்டிருந்தது. நெரெய்தா விரலை மழையில் நனைத்து ஓட்டின் மேல் ஒரு தரம் தேய்த்தாள். இன்னொரு தரம் தேய்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. கோடு விட்டுவிட்டு ஓடியது.

ஆனால் அளவு பாதிகூட இல்லை.

லாரிச் சத்தம் கேட்டு வழியனுப்ப வந்திருந்த ஒனேலியோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவள் அவனைப் பார்த்துத் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் யாரையும் எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"இளைச்சுப் போயிருக்கார்" என்றாள்.

ஒனேலியோ நத்தையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறினான்.

"இந்தப் புயல்ல யாருதான் இளைக்கல" என்றான்.

நெரெய்தா கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினாள். யவுமாரா கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் திட்டினாள். கடைசியில் கட்டிலை இறக்க அவளே ஒரு பக்கம் பிடித்தாள். டிரைவருக்கும் காப்பி கிடைத்தது. வடிகட்டிச் சட்டத்தைத்தான் முதலில் இறக்கியிருந்தார்கள்.

அதற்கப்புறம் கன்றுகள் பிடித்துவிட்டன. நெரெய்தா கூரை போட்டாள். காலையில் விரலை நனைத்துக்கொண்டு போகிறாள். வீட்டுக்காரர் பழையபடி உடம்பு தேறிவிட்டார் என்று பறிக்கிற பெண்களிடம் சொல்கிறாள். ஒனேலியோ பின்பக்கமாக வருகிறான், உட்காருகிறான்.

போன கோடையில் ஒனேலியோவின் கூரையைப் பிரித்து மாற்ற நாலைந்து பேர் போயிருந்தோம். உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே செருகியிருந்த பிஸ்கட் டின் கை தவறி விழுந்து மூடி கழன்றது. உள்ளே நத்தை ஓடுகள், காலி ஓடுகள், எல்லாம் முழு அளவு. ஒன்றிலும் மாலைக்கான ஓட்டை இல்லை. மஞ்சள் ஓடுகளில் அதே விட்டுப்போன கோடு. சிலது வெயில் படாமலே வெளுத்திருந்தது. மேலே கிடந்த ஒன்றில் மண்கூடக் காயவில்லை. ஒரே ஒரு ஓடு மட்டும் கோடில்லாத மஞ்சள், அதன் மடிப்புகளில் காய்ந்த பாலிஷ்.

ஏணியிலிருந்து இறங்கிவந்து ஒனேலியோ ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். நாங்கள் ஓடுகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தபோது, அவனே சொன்னான்.

"ஒரு வருஷம், மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்சம். அதுக்கு மேல அதுங்களுக்கு ஆயுசு கிடையாது. செத்து மரத்தடியில கிடக்கும். அவ விரலை நனைச்சுக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டு, அதே கோடு உள்ள ஒண்ணை வச்சிரணும்."