எனக்கு முன்பே பேங்கை அழைத்த என் குரல்

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் யாராவது பேய்க்கதையை ஆரம்பித்தால், எழுந்து போய்ச் சோறு வடிக்கிற ஆள் நான். ஆனால் இது எனக்கே நடந்தது. நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று காலை எஸ்டேட் வேனில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். மார்க்கெட்டில் கோசு பொறுக்கிவிட்டுப் பையைத் திறந்தால் பர்ஸைக் காணோம்! அடையாள அட்டை, பேங்க் கார்டு எல்லாம் அதற்குள். பக்கத்து வீட்டுச் செல்வியின் அடையாள அட்டையை எவனோ திருடி அவள் பெயரில் கடன் வாங்கிவிட்டான். அவள் இன்னும் போலீசுக்கும் பேங்குக்கும் அலைகிறாள். கோசை அப்படியே போட்டுவிட்டு பேங்குக்கு ஓடினேன்.

"பர்ஸ் தொலைஞ்சு போச்சும்மா, கார்டை உடனே நிறுத்துங்க!"

கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதான் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டீங்களே லா, மாலாக்கா. அப்பவே நிறுத்தியாச்சு."

"நான் எங்க பண்ணேன்?"

"நீங்கதான்க்கா. ரகசியக் கேள்விக்குக்கூட சரியா பதில் சொல்லியிருக்கீங்க."

சின்ன வயதில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. அப்படிக் கூப்பிட்டது என் அம்மா மட்டும், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவருக்கே அந்தப் பெயர் தெரியாது. அதைவிட, அழைப்பு வந்த நேரத்தைச் சொன்னாள் பாருங்கள், அப்போது நான் வேனில் இருக்கிறேன், பர்ஸ் என் மடியில் இருக்கிறது! அதைத் திறந்து இஞ்சி மிட்டாய் எடுத்து வாயில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நேரே போய் போலீசில் புகார் கொடுத்தேன், புது அடையாள அட்டைக்கும் சொல்லி வைத்தேன். அன்று மத்தியானமே யாரோ என் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், மெஷின் ஏற்கவில்லை. என் பெயரில் ஒரு கடனும் ஏறவில்லை. தப்பித்தேன்!

பிறகு விசாரணைக்காக பேங்கில் அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். சத்தியமாக என் குரல், நடுவில் வரும் அந்த வறட்டு இருமல்கூட என்னுடையதுதான். அதெல்லாம் போகட்டும், இன்றைக்கும் நினைத்தால் என் உடம்பு சிலிர்ப்பது கடைசி வரிக்குத்தான்.

"உங்களுக்குப் புது கார்டு வேணுமா?" என்று கேட்கிறார் பேங்க் அதிகாரி.

"எனக்கு வேணாம் லா," என்கிறது என் குரல். "இப்ப ஒருத்தி ஓடி வருவா. அவகிட்ட குடுங்க."